பதினேழாம் எண்ணுக்கு ஒரு சிவப்பு அம்பு

பதினேழு,

செத்துப் பிழைத்தது என்று ஊர் முழுக்க நான் சொல்லிப் பெருமைப்பட்ட மதர்போர்டு, பிழைக்கவே பிழைக்காமல் என் மடியில் கிடக்கிறது. நேற்றுக் காலை உன் வீட்டுக்காரர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். மூடியைத் திறந்ததும் ரோசின் வாசனை வந்தது. சால்டரிங் இரும்பு படும்போது வெள்ளையாகப் புகைந்து கண்ணைக் கரிக்குமே, அந்தப் பிசின் வாசனை. இத்தனை வருஷம் மூடிக்கிடந்த டப்பாவுக்குள் அது எப்படி மிச்சமிருக்கும் என்று கேட்காதே. இருந்தது.

உள்ளே பழைய துணியில் சுற்றி வைத்திருந்தாய். பிரித்தேன். ஒன்றரைக் கை அகலத்தில் பச்சைப் பலகை. ஒரு மூலையில் மஞ்சளாகக் காய்ந்துபோன பொருக்கு. அது நான் வைத்த சந்தனம், பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதற்கு நாலு விரற்கடை தள்ளி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அம்பின் வாலில், பேனாவால், உன் கையெழுத்தில் 17.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ போய் இருபது நாள் ஆகிறது. மாரடைப்பு என்று போன் வந்தபோதுகூட அழுதேனே தவிர, இப்படி உடம்பெல்லாம் சில்லிட்டுப் போகவில்லை. உன் போர்டில் சிவப்பு அம்பா? அதுவும் நீயே ஒட்டியதா?

உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள். செக்கிங்கில் உட்கார்ந்து பழகியவளுக்கு ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து வரிசையாகப் பார்த்தால்தான் பிழை கண்ணில் படும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த டிவி கம்பெனியில் நாம் சேர்ந்தபோது நமக்குப் பத்தொன்பது வயது. நீ கொரட்டூர் ஏரிக்கரைப் பெண். நான் ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். அப்பா டிபென்ஸ் ஃபேக்டரி, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நீ பேசினால் எனக்குப் பாதி புரியாது. நான் பேசினால் நீ சிரிப்பாய். லைனில் இருபத்திரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஈயத்தை உருக்கிப் பற்றவைத்து, டிவி போர்டுக்குச் சால்டரிங் செய்தார்கள். யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். நீ பதினேழு. கடைசியில் பூதக்கண்ணாடி விளக்கோடு நான், செக்கிங். சால்டர் சரியாகப் பிடிக்காத இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பை ஒட்டி, யார் செய்ததோ அவள் எண்ணை எழுதித் திருப்பி அனுப்புவேன். அவள் சரிசெய்து கொண்டுவருவாள். அந்த அம்பை அவள் எடுக்கக் கூடாது. செக்கிங்தான் பார்த்து, "ஒன்பது, ஓகே" என்று எண்ணைச் சொல்லி எடுக்க வேண்டும். அவள் "சரி" என்று சொல்லிவிட்டுப் போவாள். என்ன அதிகாரம் எனக்கு! பத்தொன்பது வயதில் இருபத்திரண்டு பேருக்குக் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. அந்தப் புத்தி இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை என்று என் வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள்.

உன் போர்டில் அம்பு ஒட்ட இடமே இருக்காது. அதுவே எனக்கு எரிச்சல். சேர்ந்த இரண்டாவது மாசம் ஒரு நாள் கிடைத்தது என்று ஆசையாக ஒட்டி அனுப்பினேன். நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு விறுவிறு என்று வந்தாய்.

"இன்னாடி இது?"

"கிராக்கு. தெரியலையா?"

"கிராக்கா? நல்லா பாரு. ஒன் தலமுடி. ஒன்னோடதுதான், எண்ணெ வழியுது."

ஊதினாய். முடி பறந்துபோனது. லைனே சிரித்தது. நான் வாயை மூடிக்கொண்டு அம்பை எடுத்தேன். போகிற போக்கில் நீ கேட்டாயே, அந்த ஒரு கேள்வி: "எங்க எல்லாருக்கும் நீ அம்பு ஒட்டுற. ஒனக்கு யாருடி ஒட்டுவா?"

அன்று மத்தியானம் என் புளியோதரையை நீயும் உன் கருவாட்டுக் குழம்பை நானும் சாப்பிட்டோம். அப்புறம் அந்த வழக்கம் மாறவே இல்லை.

நாலைந்து வருஷத்தில் கலர் டிவி போட்டியில் கம்பெனி படுத்துவிட்டது. லைன் மூடிய கடைசி நாள், என் மேஜையில் மிச்சமிருந்த அம்பு ஸ்டிக்கர் தாளை உன் கையில் திணித்து, "இனிமே உன்னை நீயே செக் பண்ணிக்கோ" என்று கேலி செய்தேன். நீ அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, "கிரீஸ் தொடச்சிக்க ஆவும்" என்றாய்.

அந்தத் தாளும் டப்பாவில் இருக்கிறது, பதினேழு. நாற்பது அம்பு உள்ள தாள். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்பது இருக்கிறது.

அதற்கப்புறம் நீ வீட்டு முன்னறையிலேயே ரிப்பேர் கடை போட்டாய். டிவி, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, ஸ்டெபிலைசர் எல்லாம் வந்தன. பொம்பளை கையில் கொடுப்பதா என்று முதலில் தயங்கிய ஏரிக்கரைத் தெரு, பிறகு உன்னிடம் மட்டுமே கொடுத்தது. நான் எஸ்டேட்டிலேயே ரப்பர் வாஷர் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தேன். டைப் அடிப்பது, போன் எடுப்பது, வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குப் பூப் போடுவது.

எங்கள் முதலாளி சிங்கப்பூரிலிருந்து ஒரு லேப்டாப் கொண்டுவந்தார். எஸ்டேட்டில் அந்தத் தெருவிலேயே முதல் லேப்டாப் அதுதான். புதுசு இல்லை, யாரோ வைத்திருந்தது. ஆனாலும் அவர் அதைப் பெண் குழந்தையைப் போல் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். வாஷர் வாங்க வெளிப் பார்ட்டி வந்தால் மேஜையில் எடுத்து வைப்பார். பார்ட்டி போனதும் பீரோவில் வைத்துப் பூட்டுவார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்பு மறுபடி வெளிநாடு கிளம்பினார். சாவியை என்னிடம் கொடுத்து, "எல்லா மெஷினுக்கும் பொட்டு வெச்சு நல்லபடியா பூஜை போட்டுடும்மா. ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது" என்றார்.

ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்றாரா, இல்லையா? நான் அதை அட்சரம் பிசகாமல் செய்தேன். லேத்து, பிரஸ், தராசு, டைப்ரைட்டர், போன், வாசல் பூட்டு வரைக்கும் சந்தனம், குங்குமம். பீரோவைத் திறந்து லேப்டாப்பையும் எடுத்தேன். மூடிய நிலையில் வைத்தால் சாமிக்கு என்ன தெரியும்? விரித்து வைத்தேன். பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் கீ போர்டின் நாலு மூலையிலும் தாராளமாக வைத்து, குங்குமம் இட்டு, மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டினேன். அழகாக இருந்தது. ஊழியர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பிழைத்திருக்கும். மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை அன்று எடுத்து ஒரு தரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வருஷம் முழுக்க வேலை ஓடாது என்பது எங்கள் பட்டறையில் சட்டம். லேத்தை ஓட்டினார்கள், பிரஸ்ஸை ஓட்டினார்கள், நான் டைப்ரைட்டரில் உ போட்டேன். பிறகு லேப்டாப்பின் பட்டனை அமுக்கினேன். உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம். லேசாகத் தீய்ந்த வாசனை. அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பார்த்து எனக்குச் சம்பந்தம் கூடி வந்திருந்தது உனக்குத் தெரியும். இருபத்தேழு வயதில், ஏழெட்டு பேர் பார்த்துவிட்டுப் போன பிறகு, வேலைக்குப் போகிற பெண்தான் வேண்டும் என்று கேட்டு வந்த ஒரே இடம். கார்த்திகையில் நிச்சயதார்த்தம். அப்பாவுக்கு அடுத்த வருஷம் ரிடையர்மெண்ட், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வேலை போனால் சம்பந்தம் போகும். முதலாளி திரும்பி வரப் பதினைந்து நாள் இருந்தது.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் ஆபீசுக்கு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். டை கட்டிய ஒருவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சு. இதெல்லாம் ரிப்பேர் பண்ண மாட்டோம் மேடம், முழுசா மாத்தணும். வெளிநாட்டுலேர்ந்து வரணும், ரெண்டு மாசம் ஆகும்" என்றார். அவர் சொன்ன விலைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடலாம். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். பிறகு நேரே கொரட்டூருக்கு வண்டி ஏறினேன்.

நீ லேப்டாப்பை அதற்கு முன் தொட்டதே இல்லை. ஆனாலும் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. பேட்டரியைக் கழற்றி, ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையில் செய்தித்தாளில் குத்தி வைத்து, அந்தப் பச்சைப் பலகையை வெளியே எடுத்தாய். எடுத்துக்கொண்டு நேரே எங்கே போனாய்? பின்கட்டுக் குழாயடிக்கு. துணி சோப்புத்தூளைக் கரைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அதைத் தேய்க்க ஆரம்பித்தாய். நான் வீல் என்று கத்திவிட்டேன்.

"அடிப்பாவி! தண்ணி பட்டுத்தானே செத்துச்சு? மறுபடியும் தண்ணியா?"

நீ தலையைக்கூடத் தூக்கவில்லை. "தண்ணி கொல்லாதுடி. ஈரத்துல கரண்டு வுட்ட பாரு, அதான் கொன்னுது. நீ வெச்ச சந்தனம் உள்ள ஒக்காந்துகினு கீது. அத்த எடுக்க வேணாமா?"

உன் அம்மா மொட்டை மாடியில் வடகம் காயவைத்திருந்தார். அந்த முறத்திலேயே ஓரமாக மதர்போர்டையும் வெயிலில் வைத்தாய். காக்காய்க்குப் பயந்து நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருந்த பதற்றத்தில் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் காய்ந்த பிறகு மீட்டரை வைத்துப் பார்த்து, கரண்டு உள்ளே வரும் இடத்தில் ஒரு பொடி கெப்பாசிட்டர் வெந்து போயிருப்பதைக் கண்டுபிடித்தாய். "இது ஒண்ணுதான். மாத்திட்டா எந்திரிச்சுக்கும். நீ பூடு, நாலு நாள் கழிச்சு வா" என்றாய்.

நாலு நாள் கழித்து வந்தேன். "இன்னும் நாலு நாள்" என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். எட்டாவது நாள் போனபோது மேஜைமேல் லேப்டாப் எரிந்துகொண்டிருந்தது. நீலத் திரை, வெள்ளை எழுத்து. நான் உன்னைக் கட்டிக்கொண்டு ஆடினேன். பிறகு பழைய புத்தி போகாமல், "திற, உன் வேலையைப் பார்க்கணும்" என்றேன். நீ மூடிமேல் கையை வைத்தாய்.

"செக்கிங்லாம் வேணாம். ஸ்க்ரூ போட்டாச்சு."

லைனில் இருந்த வருஷமெல்லாம் நீ எனக்குக் காட்டாத போர்டு இல்லை. அன்று மட்டும் காட்டவில்லை. கர்வம் என்று நினைத்தேன். உனக்குக் கர்வம் அழகு என்றும் நினைத்தேன்.

முதலாளி வந்தார், ஆன் செய்தார், வேலை செய்தது. "ஏம்மா இதுல சந்தன வாசனை அடிக்குது?" என்று மட்டும் கேட்டார். "பூஜை ரூம் பக்கத்துல பீரோ இருக்குல்ல சார்" என்றேன். என் வேலை தப்பியது. நிச்சயதார்த்தம் நிச்சயமானது.

அந்த நிச்சயதார்த்தத்துக்கு நீ வரவில்லை.

கார்த்திகை மாசத்து ஞாயிற்றுக்கிழமை. குவார்ட்டர்ஸ் வீட்டு வாசலில் பந்தல். என் பக்கத்தில் நின்று தட்டு எடுக்கப் போகிறவள் நீதான் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவர்கள் வந்தார்கள், தட்டு மாற்றினார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். வாசலையே பார்த்துப் பார்த்து என் கழுத்து வலித்ததுதான் மிச்சம். மறுநாள் கொரட்டூருக்கு வந்து கேட்டேன். "ஒரு வேல மாட்டிகிச்சுடி" என்றாய். என்ன வேலை என்று கேட்டேன். "ரிப்பேர்" என்றாய். என் நிச்சயதார்த்தத்தைவிட யார் வீட்டு மிக்ஸியோ பெரிதாகப் போய்விட்டதா என்று கத்தினேன். நீ மட்டும் நாலு வார்த்தை திருப்பிக் கத்தியிருந்தால் அன்றைக்கே சரியாகியிருக்கும்.

அடுத்த வருஷம் ஆவணியில், என் கல்யாணத்துக்கு முன்பே, நீயே ஆவடி வரைக்கும் வந்து உன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாய். வாசலில் நின்றபடியே வாங்கிக்கொண்டேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. அம்மா ஓடிவந்து காப்பி சாப்பிடச் சொன்னார். நீ "இருக்கட்டும் அத்த, வண்டிக்கு நேரமாச்சு" என்று போய்விட்டாய். உன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டேன். தலை வலிக்கவில்லை. நீ எனக்குச் செய்ததை உனக்குச் செய்தேன், கணக்குச் சரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது இதை எழுத.

மூன்று வருஷம் கழித்துக் கொரட்டூர் ஸ்டேஷனில் இடுப்பில் பெண் குழந்தையோடு நின்றாய். "இன்னாடி, இப்டி எளச்சுட்ட?" என்றாய். அவ்வளவுதான், மறுபடி ஒட்டிக்கொண்டோம். ஆனால் என் நிச்சயதார்த்தத்தையும் உன் கல்யாணத்தையும் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சாதத்தில் கல் மாதிரி அது அவ்வப்போது பல்லில் படும். மென்றுவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன்.

ஆனாலும் உன் புகழை மட்டும் விடாமல் பாடினேன். செத்த மதர்போர்டைச் சோப்புப் போட்டுக் கழுவி உயிர் கொடுத்தவள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். கம்ப்யூட்டர் கெட்டுப்போன அத்தனை பேரையும் உன்னிடம் அனுப்பினேன். என் மகள் பூப்புனித நீராட்டு விழாவில்கூட எல்லார் முன்னாலும் அந்தக் கதையைச் சொன்னேன். நீ "வுடுடி" என்று சொல்லிவிட்டுப் பந்தி பார்க்கப் போய்விட்டாய். அன்று நீ கட்டியிருந்த மாம்பழ மஞ்சள் பட்டில், கொசுவத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. செக்கிங் கண் சும்மா இருக்குமா? "பட்டுல ஓட்டையோட வந்திருக்கியே, எலி கடிச்சதா?" என்று கேட்டேன். "ஆமா, எலிதான்" என்று சிரித்தாய்.

நேற்று டப்பாவைப் பார்த்துவிட்டு நான் அதிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டு உன் வீட்டுக்காரர்தான் அதிர்ந்துபோனார். "இன்னா தங்கச்சி, உனுக்குத் தெரியாதா?" என்றார். "உன்கிட்ட குடுக்கச் சொல்லித்தான் டப்பா மேல உன் பேரு எழுதி வெச்சிருந்துச்சு. நீயும் அதுவும் சேந்து செஞ்ச வேலன்னு இல்ல நான் நென்ச்சுகினு கீறேன்?"

எனக்கு எதுவும் தெரியாது என்றேன். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த கெப்பாசிட்டர எடுக்கறப்போ டிவி போர்டுக்கு வெக்கிற சூட்டையே இதுக்கும் வெச்சிருச்சும்மா. லேப்டாப்பு போர்டு அந்த மாறி இல்ல. உள்ள அடுக்கடுக்கா கரண்டு ஓட்ற செம்புக் கோடு கீது. மெலிசு. கோடு எந்திரிச்சு வந்துருச்சு, பக்கத்துல கீற ஐசியும் பூட்ச்சு. அதுவே சொல்லும், 'நல்லா ஆவ வேண்டியத நாந்தான் சாவடிச்சேன்'னு. போர்ட தூக்கிகினு ரிச்சி தெருவுல கட கடயா ஏறி எறங்கிகீது. கடசியா என் கடைக்கி வந்துச்சு. என்கிட்ட அதே மாடலு, ஸ்க்ரீன் ஒடஞ்சது ஒண்ணு கெடந்துச்சு. உள்ள போர்டு ஜம்முனு கீது. அத்த குடுன்னுச்சு. வெலைய சொன்னேன். அவ்ளோ துட்டு இல்லன்னுச்சு. அப்பால, மூலைல குவிச்சி வெச்சிருந்த டிவி போர்டெல்லாம் பாத்துட்டு, 'இதெல்லாம் நான் சரி பண்ணித் தரேன், போர்ட குடு'ன்னுச்சு."

ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்கு லீவு. பாதி ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து வேலை செய்யலாம். பத்து ஞாயிறு வருவதாகப் பேச்சு.

"நான் அப்போ உன் அண்ணன் இல்லம்மா, சரியான கறார் பேர்வழி. ஒரு வாரம் வர்லன்னாலும் அந்த லேப்டாப்பு எந்த ஆபீஸ்ல கீதோ அங்கயே போயி போர்ட கயட்டிகினு வந்துருவேன்னு சொன்னேன். சொம்மா மெரட்றதுக்கு. அது நெசம்னு நம்பிகிச்சு."

பிறகு சொன்னார்: "ஒரு ஞாயிறு பட்டுப் பொடவ கட்டிகினு, தலைல பூ வெச்சிகினு வந்துச்சு. காலீல. இன்னா விசேஷம்னேன். பகலுக்குள்ள முடிச்சிட்டு ஆவடி போவணும்னுச்சு. அன்னிக்குன்னு ஒரு லாட்ஜ் ஆளு வந்து டிவியெல்லாம் சாயங்காலமே ஓணும்னு ஒக்காந்துட்டான். நான் எழ வுடல. ஒரு மணி ஆச்சு, ரெண்டு ஆச்சு. தல குனிஞ்சி சால்டரிங் பண்ணிகினே கீது. பொட்டுனு ஒரு சொட்டு ஈயம் பொடவ மேல வுழுந்து ஓட்ட ஆய்டுச்சு. பாக்கறேன், கண்ணு ரெண்டும் செவந்து தண்ணி கொட்டுது. இன்னாம்மான்னேன். 'ரோசின் பொக'ன்னுச்சு."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். எலி கடித்ததா என்று கேட்டவள் நான்தானே.

"அன்னிக்குத்தான் மொத தபா அதுகிட்ட ஒயுங்கா பேசினேன். மிச்ச ஞாயிறு வர வேணாம், போர்டு ஒனக்குத்தான்னேன். கேக்கல. பத்து வாரமும் வந்துச்சு. பதினோராவது வாரம் நான் கொரட்டூருக்குப் போயி அவுங்க அம்மாவ பாத்து பொண்ணு கேட்டேன்." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் அழுகையாக மாறியது. அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. எப்படிப் பழக்கம் என்று கேட்டபோதெல்லாம் "ஒரு ரிப்பேர் விஷயமா" என்று நீ சொன்னாயே. அது என் ரிப்பேர்தானா?

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவரைக் கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: "சொன்னா போர்ட எரிச்சது தான்னு சொல்ணுமே. அது மட்டும் அதால முடில. அதும் உன்கிட்ட."

என்கிட்ட. அந்த வார்த்தைதான் நேற்றிலிருந்து என்னைத் தூங்கவிடவில்லை, சாப்பிடவிடவில்லை. பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறவளிடம் யார் போய்ச் சொல்வார்கள்? நீ தப்புச் செய்தாய் என்று கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? சிரித்திருப்பேன். லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்திருப்பேன். அந்த முடிக்குப் பழிவாங்கியிருப்பேன். உனக்கு அது தெரிந்திருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் நான் உன்னைப் புகழ்ந்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும்? பந்தி பார்க்கப் போனாயே, அது பந்தி பார்க்கவா?

இன்னொன்றும் உறைக்கிறது. பன்னீரும் சந்தனமும் ஊற்றிக் கொன்ற முதல் ஆள் நான். அதற்கு நான் எங்கேயும் எண் எழுதவில்லை. முதலாளியிடம் பீரோமேல் பழியைப் போட்டேன். நீ ஒரு கெப்பாசிட்டரைச் சூடாக எடுத்ததற்கு அம்பு ஒட்டி, எண் எழுதி, துணியில் சுற்றி, இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தாய். குப்பையில் போட்டிருக்கலாம். அம்பையாவது கிழித்துப் போட்டிருக்கலாம். நீ செய்ய மாட்டாய். அம்பைச் செக்கிங்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். அதை நீ மறக்கவில்லை. என் பெயரை டப்பாமேல் எழுதியது அதற்குத்தான் என்று எனக்குப் புரிய ஒரு ராத்திரி முழுக்க ஆகியிருக்கிறது.

இன்று காலை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழும்பி நின்ற அந்தக் கோட்டின் மேல் நீ தலைமுடி கனத்தில் கம்பி இழுத்து ஒட்டிப் பார்த்திருக்கிறாய். ஒன்றல்ல, ஆறு இடம். அந்த எட்டு நாளில் எத்தனை தடவை முயன்றாயோ தெரியாது. ஆறும் கண்ணாடி மாதிரி சால்டரிங். என் வாழ்க்கையில் நான் செக் செய்த வேலைகளில் இதைவிட நல்லதைப் பார்த்ததில்லை. அது உயிர் பெறவில்லை என்பது வேறு விஷயம்.

நகத்தால் நெம்பி அம்பை எடுத்தேன். காய்ந்துபோயிருந்தது, சுலபமாக வந்துவிட்டது. "பதினேழு, ஓகே" என்று வாய்விட்டுச் சொன்னேன். "சரி" என்று நீ சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அடுக்களையில் என் மகள், "யாரும்மா போன்ல?" என்று கேட்டாள்.

பிறகு பீரோவில் துணிகளுக்கு அடியில் தேடினேன். கிடைத்தது. உன் கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியதைக் குப்பையில் போடக் கூடாது என்பதற்காகக் கோபத்திலும் எடுத்து வைத்திருந்தேன். முதல் தடவையாக இன்றுதான் அதை முழுக்கப் படித்தேன். என் பெயரை நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய். முன்னால் அன்புத் தோழி என்று போட்டிருக்கிறாய்.

தாளில் மிச்சமிருந்த முப்பத்தொன்பதில் ஒன்றை உரித்தேன். பசை செத்துப்போயிருந்தது, சோற்றுப் பருக்கை வைத்து அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். செக்கிங்குக்கு எண் கிடையாதே, அதனால் வாலில் என் பெயரையே எழுதினேன். எனக்கு யார் ஒட்டுவார்கள் என்று கேட்டாயே, ஒட்டியாயிற்று.

ஒட்டியதை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. நீதான் பார்த்து எடுக்க வேண்டும். அது அப்படியே இருக்கும், பதினேழு.